ஒரு கேசட்டை முழுசாக மேடையேற்றுவது எப்படி: ‘சிந்து பைரவி’ வாசித்தவன் சொல்கிறேன்

கும்பகோணத்தில் 28 வருஷமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் திருவிழா, ரிசப்ஷன், கட்சிக்காரர் வீட்டுப் பிறந்தநாள் எல்லாம் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலில் பாட்டைப் பொறுக்கி எடுப்பதுதான் வழக்கம். படத்துக்கு ஒரு பாட்டு, அதுவும் முதல் வரியிலேயே கைதட்டு விழுகிற பாட்டு. ஒரே படத்தின் கேசட்டை எடுத்து ஏ பக்கம், பி பக்கம் இரண்டையும் ஒரு பாட்டு விடாமல் வாசிப்பது என்றால் கதையே வேறு. யாரும் சீட்டு எழுதிக் கேட்காத பாட்டையும் அதே அக்கறையோடு வாசித்தாக வேண்டும்.

‘சிந்து பைரவி’யை இதுவரை மூன்று முறை அப்படி வாசித்திருக்கிறோம். முதல் முறை சொதப்பல். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முடிந்த பிறகு பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் இரண்டு பேர் போன் போட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது என்று யோசிக்காதீர்கள். கையில் இருக்கிற ஆட்களுக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்தது ‘ரோஜா’. 1992ல் வந்த ரஹ்மானின் முதல் படம். எங்கள் கிடார்காரன் அதைக் கேட்டுத்தான் கிடாரே வாங்கினானாம். இரண்டு ரிகர்சலில் மூட்டை கட்டிவிட்டோம். அந்த இசையில் பாதி ஸ்டுடியோவில் உட்கார்ந்து செதுக்கிய சத்தம். அதை என் கீபோர்டில் தேடிப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். டிராக்கில் ஓட்டிவிடலாம் என்றான் ஒருவன். டிராக் ஓட்ட 11 பேர் எதற்கு, ஒரு பென்டிரைவ் போதுமே.

‘சிந்து பைரவி’ எங்கள் பக்கத்துச் சரக்கு. 1985ல் வந்த கே. பாலசந்தர் படம், இளையராஜா இசை, வைரமுத்து பாட்டு. கர்நாடக சங்கீத வித்வானின் கதை. வயலினும் மிருதங்கமும் தெரிந்த ஆள் வேண்டும். கும்பகோணத்தைச் சுற்றி அதற்கா பஞ்சம்? இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் சுகாசினிக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம் என்பதால் போஸ்டரில் போடவும் விஷயம் இருந்தது.

ஆள் கணக்கு போடும்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. ஆண் குரல் எல்லாம் யேசுதாஸ். சித்ராவுக்கு ‘நானொரு சிந்து’, ‘பாடறியேன்’ இரண்டும்தான். ஆண் பாடகருக்கு மூச்சு வாங்கும், பெண் பாடகி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் பாடகி முதல் நாளே கேட்டுவிட்டார்: “ஏண்ணே, ரெண்டு பாட்டுக்கா நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காரணும்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நிகழ்ச்சியின் முதல் பாதியில் கிடைத்தது, பின்னால் சொல்கிறேன். ஆண் குரலுக்கு இரண்டு பேரைப் போட்டோம். யேசுதாஸ் பாட்டை ஒரே ஆள்தான் பாட வேண்டும் என்று சொல்கிறவர்கள் தொடர்ந்து ஏழு பாட்டு பாடிப் பார்த்ததில்லை.

உரிமை

இதை எல்லாரும் கடைசியில் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பாருங்கள். 2017ல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் மேடை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஊருக்கே தெரியும். அவருக்கே அப்படி என்றால் நம் குழுவெல்லாம் எம்மாத்திரம்.

மேடையில் நேரடியாகப் பாடுவதற்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமை சம்பந்தப்படுகிறது. பொதுவாக அந்த அனுமதிக்கு ஐபிஆர்எஸ் என்கிற சங்கம் இருக்கிறது. ஆனால் ஒரு இசையமைப்பாளர் தன் உரிமையைத் தானே கையாளவும் செய்யலாம். அதனால் சங்கத்துக்கும் எழுதுங்கள், இசையமைப்பாளர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் “பண்ணுங்க சார், பாத்துக்கலாம்” என்று சொன்னதெல்லாம் செல்லாது. கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் 1957 காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை நம்பி டிக்கெட் போட்டு நடத்துகிற கச்சேரிக்கும் அதே விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த ஆல்பத்தில் ஒரு வேடிக்கை. ‘மஹாகணபதிம்’ தீட்சிதர் கிருதி, ‘மரி மரி நின்னே’ தியாகராஜர் கிருதி. ‘மனதில் உறுதி வேண்டும்’ பாரதியார் வரிகள், அவர் எழுத்து 1949லேயே அரசுடைமை ஆகிவிட்டது. அப்போ இதற்கெல்லாம் அனுமதி வேண்டாமே என்று எங்கள் பேஸ் கிடார்காரன் குதித்தான். வரிக்கு வேண்டாம். வாத்திய அமைப்பு இளையராஜாவுடையது, ‘மஹாகணபதிம்’ தவிர மற்றதில் மெட்டும் அவருடையது, அதற்கு வேண்டும்.

நொட்டேஷன் எடுப்பது

பாட்டு எல்லாருக்கும் தெரியும், நேராக ரிகர்சலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் முதல் பிஜிஎம்மிலேயே (பாட்டுக்கு நடுவில் வரும் வாத்திய இசை) மாட்டிக்கொள்வீர்கள். பாட்டைத் தெரிவது வேறு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற பிஜிஎம்மில் செல்லோ என்ன வாசிக்கிறது, அந்த நேரம் பேஸ் எங்கே நிற்கிறது என்று தெரிவது வேறு. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் சும்மா ஆதார ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்காது, அதுவே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.

நல்ல ஹெட்போன் வாங்குங்கள். முதலில் இடது காது மட்டும், பிறகு வலது காது மட்டும். வேகத்தை முக்கால்வாசியாகக் குறைக்கிற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வாத்தியம், ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. எனக்கு மொத்தமும் எழுதி முடிக்க ஐந்து வாரம் பிடித்தது.

எழுதியதை எல்லாருக்கும் ஒரே தாளாகக் கொடுத்தது என் முதல் தப்பு. எங்கள் வயலின்காரர் ஸ்வரம் போட்டால்தான் வாசிப்பார். கிடார்காரனுக்குக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டின் பெயர் வேண்டும். சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகிய இன்னொரு கீபோர்டு பையனுக்கு ஐந்து கோடு போட்ட வெஸ்டர்ன் நொட்டேஷன். மூன்று விதமாக எழுதுங்கள். ஆனால் மூன்றிலும் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும், ஒரே நம்பர் போடுங்கள். ரிகர்சலில் “23லேர்ந்து எடு” என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் எங்களுக்கு இரண்டு ரிகர்சலை மிச்சப்படுத்தியது.

எதை மாற்றக் கூடாது

முழு ஆல்பம் வாசிக்கும்போது எதையும் மாற்றாமல் இருக்க முடியாது. அவர்களுக்கு வயலின் கூட்டமே இருந்தது, எங்களுக்கு இரண்டு. மேல் வரியை அந்த இரண்டு வயலினும் வாசிக்கும், கீழே உள்ளதை நான் கீபோர்டு ஸ்டிரிங்ஸில் மெதுவாக எழும்புகிற சத்தமாக வைத்து நிரப்புவேன். உண்மையான வயலின் மேலே இருந்தால் காது கீழே இருப்பதையும் வயலின் என்றே நம்பிவிடும். சத்தத்தை மாற்றலாம், சுருதியை மாற்றலாம். பாட்டு எந்த யோசனையில் பிறந்ததோ அதை மட்டும் மாற்றக் கூடாது.

‘கலைவாணியே’ கல்யாணி ராகம். அந்தப் பாட்டை இளையராஜா ஆரோகணத்திலேயே, அதாவது ராகத்தின் ஏறு வரிசையிலேயே போட்டிருக்கிறார். ஒவ்வொரு சொற்கட்டும் மேல் நோக்கித்தான் போகும். படியேறி, மேலே போய், அங்கிருந்து குதித்துக் கீழே வந்து மறுபடி ஏறுவது போல. வழுக்கிக்கொண்டு இறங்குவது கிடையாது. கேட்கிறவருக்கு இது தெரியாது. எதற்கோ நெஞ்சு மேலே மேலே இழுக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

முதல் ரிகர்சலில் எங்களுக்கு அந்த இழுப்பு வரவே இல்லை. ஸ்வரம் சரி, தாளம் சரி, ஆனால் பாட்டு தரையில் கிடந்தது. போனில் ரெக்கார்ட் பண்ணி வீட்டில் போட்டுக் கேட்டேன். வரி முடிகிற இடத்தில் பாடகர் பழக்கதோஷத்தில் லேசாகக் கீழே ஒரு ஜாரு, அதாவது வழுக்கல், போடுகிறார். அவர் போட்டதைப் பிடித்து வயலினும் இறங்குகிறது. எனக்கும் வலது கையில் ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் வீல் இருந்தால் சும்மா இருக்க முடியாது. மூன்று பேருமாகச் சேர்ந்து கல்யாணியின் அவரோகணத்தை, அதாவது இறங்கு வரிசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். மறுநாள் வயலின்காரரிடம் சொன்னபோது, “நான் எங்க சார் வாசிச்சேன், விரல்தான் வாசிக்குது” என்றார்.

அதற்கு ஒரே மருந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடகர் மட்டும் சுருதிப் பெட்டியோடு ஒவ்வொரு சொற்கட்டையும் ஸ்வரமாகப் பாடி, கடைசி ஸ்வரத்தில் நின்று, வெட்டிவிட்டு, அடுத்ததை எடுப்பது. இரண்டு நாள் அப்படியே பாடினார். மூன்றாம் நாள் சாகித்யத்தோடு பாடியபோது மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு “இப்பதான் தம்பி வந்திருக்கு” என்றார்.

‘தண்ணித்தொட்டி’க்கும் இதே மாதிரி ஒரு எல்லைக்கோடு உண்டு. குடித்த வித்வான் பாடுகிற பாட்டு என்பதால் பாடகர்கள் தள்ளாடிக் காட்டுவார்கள், நாக்குக் குழறுவார்கள். வேண்டாம். அவன் எவ்வளவு குடித்தாலும் ஸ்வரம் பிசகாதவன், அதுதான் அந்தப் பாட்டின் சோகம். எங்கள் இரண்டாவது பாடகரை மைக் ஸ்டாண்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று சொல்லிவைத்தேன். வருத்தப்பட்டார். பரவாயில்லை.

சுருதியும் மிருதங்கமும்

பழைய கேசட்டைக் கேட்டு சுருதி கண்டுபிடிக்காதீர்கள். டேப் கொஞ்சம் வேகமாக ஓடினால் கால் கட்டை கூடிவிடும். இரண்டு மூன்று பதிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அதை மறந்துவிட்டு உங்கள் பாடகருக்கு எது வசதியோ அதை வையுங்கள். யேசுதாஸ் சுருதியிலேயே பாடினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தான் எங்கள் முதல் நிகழ்ச்சி போச்சு. ‘கலைவாணியே’யைக் கடைசியில் வைத்திருந்தோம். எல்லாம் மேலே ஏறுகிற பாட்டு, தொண்டையோ அதற்குள் காய்ந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. கூட்டம் அனுதாபத்தில் கைதட்டியது. அந்தக் கைதட்டு இருக்கிறதே, திட்டு வாங்குவதைவிட மோசம்.

சுருதியை மாற்ற கீபோர்டில் ஒரு பட்டன். கிடாரில் தந்தியை அழுத்திப் பிடிக்கிற கேப்போ கிளிப். மிருதங்கத்தில் அப்படி முடியாது. ஒரு மிருதங்கம் ஒரு சுருதிக்குத்தான். கல்லையும் மரப் புள்ளையும் வைத்துத் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் கேட்டால் நாதம் போய்விடும். நாங்கள் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிவைத்து நாலு சுருதியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். எங்கள் மிருதங்கக்காரர் 60 வயதைத் தாண்டியவர், கோபமே வராது. பட்டியலைப் பார்த்துவிட்டு, “தம்பி, படத்துல அந்த வித்வான் ஜேகேபி மிருதங்கக்காரனை மேடையை விட்டு அனுப்பிடுவார் பாரு, அவன் குடிச்சிருந்தான். நான் என்னப்பா பண்ணேன்?” என்றார். உட்கார்ந்து திருத்தி இரண்டு சுருதிக்குள் அடக்கினோம். இரண்டு மிருதங்கம். ஒரே சுருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தோம்.

தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், ரவை பூசுகிற நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஏசி ஹாலில் ரவை சீக்கிரம் காயும், இடது கைக் கும்கி, அந்த ஆழமான கார்வை, போய்விடும். இடைவேளையில் ஐந்து நிமிஷம் அதற்காக மட்டும் ஒதுக்குங்கள். நிகழ்ச்சி தொகுப்பாளரிடம் அதைச் சொல்லியும் வையுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் யாரையாவது கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிடுவார்.

இரண்டரை மணி நேரத்தை நிரப்புவது

சினிமா ஆல்பம் எதுவாக இருந்தாலும் முழுசாக வாசித்தால் ஒரு மணி நேரம் வந்தால் பெரிசு. டிக்கெட் வாங்கியவர் அதோடு எழுந்து போக மாட்டார். மிச்ச நேரத்துக்கு அதே இசையமைப்பாளரின் வேறு ஹிட் பாட்டுகளை வாசிப்பது எல்லாரும் செய்வது. முதல் முறை நாங்களும் செய்தோம். பிறகு ஆல்பத்தை எடுத்தபோது அது இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று கரைந்துபோனது.

இரண்டாவது முறை முதல் பாதியை அந்த ஆல்பத்துக்கு வாசலாக வைத்தோம். ‘மரி மரி நின்னே’ கச்சேரிகளில் காம்போதி ராகத்தில் பாடுகிற கிருதி. படத்தில் இளையராஜா அதைச் சாரமதியில் போட்டார். ‘பாடறியேன்’ பாட்டு நாட்டுப்புறத்தில் தொடங்கி ஸ்வரங்களில் ஏறி, அந்தக் கிருதியில் போய் விழும். இரண்டு ராகமும் எட்டாத தூரம். காம்போதி ஹரிகாம்போதிக் குடும்பம், சாரமதி நடபைரவிக் குடும்பம். எங்கள் பாடகி பத்து வருஷம் வாய்ப்பாட்டுக் கற்றவர், கல்யாண மேடையில் அதைக் காட்ட வழியே இல்லாமல் இருந்தவர். முதல் பாதியில் அவர் காம்போதியில் ஆலாபனை செய்து, ‘மரி மரி நின்னே’யைக் கச்சேரி சம்பிரதாயத்தில் முழுசாகப் பாடினார். வயலின், மிருதங்கம், தம்பூரா மட்டும். கீபோர்டை அணைத்துவிட்டு நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாதியில் ‘பாடறியேன்’ வந்தது. அதே பாடகி, அதே கிருதி, வேறு ராகம். சாரமதியில் அந்த முதல் அடி விழுந்ததும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மேடையிலிருந்து பார்த்தோம். ராகம் தெரியாதவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னால் கேட்ட வார்த்தைகள் வேறு முகத்தோடு வருவது தெரிந்தது. புடவைக் கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

உங்கள் ஆல்பத்திலும் இப்படி ஒன்று கிடைக்கும், தேடுங்கள். ஒரு பாட்டுக்கு அடியில் நாட்டுப்புற மெட்டு இருக்கலாம், பழைய விருத்தம் இருக்கலாம். அதை முதல் பாதியில் அதன் வீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

வரிசையைப் பற்றி ஒரே வார்த்தை: தொண்டை. ‘கலைவாணியே’ இப்போது எங்களுக்கு இரண்டாவது பாட்டு. ‘மஹாகணபதிம்’ பாடிக் குரல் சூடானதும் அது. அடுத்து சித்ரா பாட்டு ஒன்று, முதல் பாடகர் தண்ணீர் குடிக்கட்டும். கேசட் வரிசையை அப்படியே வைக்காததற்கு ஒரு ரசிகர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர் தொண்டையைக் கடன் கேட்டேன்.

மைக் செட்

திருவிழா மைக் செட்காரரைக் கூப்பிடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே பேசிவிடுங்கள். அவருக்குப் பழக்கம் பேஸும் பேடும் (எலக்ட்ரானிக் டிரம்) நெஞ்சைத் தட்ட வேண்டும் என்பது. இந்த ஆல்பத்தில் நெஞ்சைத் தட்ட வேண்டியது மிருதங்கம். வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், இரண்டும் நெருக்கமாக. பேடுக்கு அருகில் மிருதங்கத்தை வைக்காதீர்கள். மிருதங்க மைக்கில் பேட் சத்தம் ஏறினால் எதைக் குறைத்தாலும் இரண்டும் குறையும். வயலினுக்குப் பிக்கப் ஒட்டினால் சத்தம் சுத்தமாக வரும், கூடவே கொஞ்சம் தகரமாகவும் வரும். மைக் வைத்தால் அழகாக வரும், மானிட்டர் கூவும். நாங்கள் இரண்டையும் வைத்து முக்கால் பங்கு பிக்கப், கால் பங்கு மைக் என்று கலக்கிறோம்.

சவுண்ட் செக்கில் எல்லாரும் சத்தமான பாட்டை எடுப்பார்கள். நீங்கள் ரொம்ப மெதுவான பாட்டை எடுங்கள். அதில் எல்லாம் கேட்டால் மற்றதில் பிரச்சினை இல்லை.

ஒரு ஹாலில் வாடகை பேசும்போது ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து என்றார்கள். இடைவேளை முடிந்து ‘மோகம் என்னும்’ ஓடிக்கொண்டிருக்கிறபோது ஏசியை நிறுத்திவிட்டார்கள், நேரம் ஆயிற்றாம். கூட்ட வெக்கையில் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று சுருதி பிரிந்துபோனது. அதிலிருந்து எந்த மணி வரை ஏசி என்பதைக் கைப்பட எழுதி வாங்குகிறேன். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, திறந்தவெளி மேடை என்றால் போலீஸ் அனுமதி தனி. அதனால் 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிகிற மாதிரி திட்டம் போடுங்கள். தமிழ்நாட்டில் 6.30 என்றால் 7 என்று அர்த்தம், அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இந்த 9.30.

பேச்சைக் குறையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தொகுப்பாளர் இணையத்தில் படித்த கதையை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் கல்யாணி எங்கேயோ, நாம் எங்கேயோ. ‘கலைவாணியே’க்கு முன்னால் மட்டும் இரண்டு வாக்கியம்: இந்தப் பாட்டு இறங்கவே இறங்காது, கவனித்துக் கேளுங்கள்.

சீட்டு வரத்தான் செய்யும். ஆல்பம் நிகழ்ச்சி என்று போஸ்டரில் எட்டு அங்குல எழுத்தில் போட்டாலும் வேறு படப் பாட்டுக்குச் சீட்டு வரும். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், மேடையில் படிக்காதீர்கள். மூன்றாவது நிகழ்ச்சியில் கடைசிப் பாட்டு முடியும்போது மணி 9.50. என் பையில் 14 சீட்டு. பதிமூன்று வேறு படம். ஒன்றில் பென்சிலில் ‘தண்ணித்தொட்டி மறுபடியும்’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது பாடகரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “இந்த தடவையாவது ஒரு அடி நகரலாமாண்ணே?” என்றார். ஒரு அடி, அதற்கு மேல் கிடையாது என்றேன். 9.56க்கு முடித்தோம்.